அவர் கொடுக்காத வாக்கு

கைதட்டல் நிற்கவே இல்லை.

பொன்மலை மைதானத்தில் அன்று சாயங்காலம் கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே வீசினார்கள். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் நின்ற ராம்தயாள்ஜி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

முப்பது வருஷமாக ஊர் ஊராக மேடை ஏறியவர். தன்னுடைய எந்தப் பேச்சுக்கு ஜனங்கள் எவ்வளவு தட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்று விழுந்த கைதட்டல் அவர் சொன்ன வார்த்தைக்குப் பொருத்தமே இல்லாதது.

"என்ன சொன்னாய் மகளே?" என்று இந்தியில் கேட்டார், மைக்கில் விழாத குரலில்.

"நீங்க சொன்னதைத்தான்" என்றேன், நானும் இந்தியில்.

அது சின்னப் பொய். பெரிய பொய்யை அதற்கு அரை நிமிஷம் முன்னால், இரண்டாயிரம் பேர் காதில் விழுகிற மாதிரி, தமிழில் சொல்லியிருந்தேன்.

சண்டை போட ஒரு பாஷை

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்லூரி வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, லால்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இங்கிலீஷ் டீச்சர்தானே நீங்கள்? ராம்தயாள்ஜிக்கு இந்தியிலிருந்து மொழிபெயர்த்ததாக ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, அது எப்படி?" அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுவிட்டார். சொல்கிறேன்.

என் அப்பா ரயில்வே ஃபிட்டர். பதினான்கு வருஷம் வடக்கே கரக்பூரில் வேலை. நானும் அண்ணன் சூசையும் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். பல மாநிலத்துப் பிள்ளைகள் கலந்திருந்ததால், தெருவில் விளையாடியதெல்லாம் இந்தியில்தான். அப்புறம் அப்பாவுக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு மாற்றல் வந்தது.

திருச்சியில் அப்போது சுவருக்குச் சுவர் தாரில் "இந்தி ஒழிக" என்று எழுதியிருக்கும். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அக்கம்பக்கத்துக்குப் புரியாமல் சண்டை போடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம். அந்த வகையில் தினமும் பயிற்சி இருந்தது.

அப்பாவுக்குப் பிறகு அண்ணன் அதே பணிமனையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னராகச் சேர்ந்தான். நான் படித்து, பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

பிறகு எழுபத்து நாலில் அந்த ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பழுப்புக் கவர். அண்ணனுக்கு வேலை போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பொன்மலைப்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனோம். அங்கேயும் காலையில் பணிமனைச் சங்கு கேட்கும். அண்ணன் பழக்கத்தில் எழுந்து, பல் தேய்த்து, சைக்கிளைத் துடைப்பான். துடைத்துவிட்டு மறுபடியும் திண்ணையில் சாய்த்து வைப்பான்.

அவனைப் போலப் பல பேர். எல்லோரும் எங்கள் தெருக்களிலேயே இருந்தார்கள்.

இடது காது

ராம்தயாள்ஜி பீகாரில் ஏதோ ஒரு ஆற்றங்கரைக் கிராமத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியார் மகன். காலேஜில் பாதியில் கிளம்பிச் சுதந்திரப் போராட்டத்துக்குப் போனவர், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயில். நம்மவர்கள் காலத்திலும் ஜெயில். நடுவில் ரயில்வே போர்ட்டர்களுக்குச் சங்கம் வைத்தார், பார்லிமெண்டுக்குப் போனார், ஒரு தடவை துணை மந்திரியாகி, ஒத்துப்போகாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

டெல்லியில் பெரிய தலைவர். ஆனால் பேச்சு வராது. அவருடைய பேச்சு, ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி நேரம் சொல்வது மாதிரி இருக்கும். ஜோக் சொல்வார், சொல்லி முடிக்கும் முன்னால் அவரே சிரித்துவிடுவார். கழுத்து வலிக்காகச் சின்னத் தலையணை ஒன்றை எங்கே போனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். போலீஸ் அடியில் இடது காது போயிருந்தது. அதனால் மொழிபெயர்ப்பவர் எப்போதும் வலப்பக்கம் நிற்கவேண்டும்.

நெருக்கடி நிலைக் காலத்து ஜெயிலிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். தேர்தல். திருச்சியில் அவர் கட்சிக்கு நின்ற வேட்பாளர், ஸ்ரீரங்கம் உத்தர வீதி வக்கீல் வரதராஜன். வழக்கமாக இந்தி மொழிபெயர்ப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், யாரோ சொல்லி வக்கீலே என் கல்லூரிக்கு வந்துவிட்டார்.

"பொன்மலைக் கூட்டம்மா. நீங்க அந்த ஊர்ப் பொண்ணு. நீங்க சொன்னா எடுபடும்" என்றார்.

எங்கள் முதல்வர் ஒரு கன்னியாஸ்திரி. யோசித்துத்தான் அனுமதி கொடுத்தார். "பேசப்போறது நீ இல்ல, அவர். ஒரு வார்த்தை கூட்டாதே, ஒரு வார்த்தை குறைக்காதே" என்றார்.

கோஷிஷ்

கூட்டம் முக்கால் மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. அவர் இரண்டு வாக்கியம், நான் இரண்டு வாக்கியம். இந்தி என்பதால் பின்னாலிருந்து முதலில் கொஞ்சம் கூச்சல் வந்தது. நான் தமிழில் ஆரம்பித்ததும், "அட, நம்ம டர்னர் சூசை தங்கச்சிப்பா" என்று யாரோ சொல்ல, அடங்கிவிட்டார்கள்.

கடைசியில் வேலை போனவர்களைப் பற்றி வந்தார். முன்வரிசையில் அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் ஒரு வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

ராம்தயாள்ஜி சொன்னது இதுதான்: "உங்களைத் திரும்ப வேலைக்கு எடுக்க நான் முயற்சி செய்வேன். வாக்குக் கொடுக்க முடியாது. நாங்கள் ஜெயிப்போமா என்று தெரியாது. ஜெயித்தாலும் என் பேச்சு எடுபடுமா என்று தெரியாது. முயற்சி செய்வேன். அவ்வளவுதான்."

இந்தியில் முயற்சிக்கு 'கோஷிஷ்' என்பார்கள். அந்த வார்த்தையை அவர் இரண்டு முறை சொன்னார்.

இரண்டாயிரம் முகங்களும் என் பக்கம் திரும்பின. இந்த மாதிரி ஒரு பதிலைக் கேட்கவா மூன்று வருஷம் காத்திருந்தார்கள்? துணிந்து யோசித்துச் செய்ததாகச் சொன்னால் அது இன்னொரு பொய். வாய் தானாகத் திறந்தது.

"நாங்க ஜெயிச்சு வந்தா, வேலை போன ஒவ்வொருத்தரையும் திரும்ப எடுப்போம். இது என் வாக்கு!"

அதற்கு விழுந்ததுதான் அந்தக் கைதட்டல்.

அண்ணன் கேட்டது

கூட்டம் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் ஆட்கள் என்னை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கேசரி கிண்டும் வாசனை வந்தது. அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான். மாதா கோயில் திருப்பத்தில் சைக்கிளை நிறுத்தினான்.

"அவரு கோஷிஷ்னுதானே சொன்னாரு?"

இந்த ஊரில் யாருக்கும் இந்தி தெரியாது என்று நினைத்தேன். கூட நின்று கரக்பூர்த் தெருவில் கோலி விளையாடியவனை மறந்துவிட்டேன்.

"அண்ணே, உனக்காகத்தான்..."

"எனக்காகவா? எனக்குத்தான் இந்தி தெரியுமே பிலோ. நான் ஏமாறல. ஏமாந்தது அவங்க." கேசரி வாசனை வந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். "நாளைக்கு ஒண்ணும் நடக்கலன்னா அவரை இல்ல பொய்யன்னு சொல்லுவாங்க? அந்த மனுஷன் ஒழுங்காத்தான சொன்னாரு."

அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

உத்தர வீதியில்

மறுநாள் விடிந்ததும் டவுன் பஸ் பிடித்தேன். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் பஸ் மாறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது, இந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்று இருந்தது.

வக்கீல் வீட்டுக் கூடத்தில் ராம்தயாள்ஜி தலையணையைக் கழுத்துக்கு வைத்துச் சுவரில் சாய்ந்து, பொங்கலுடன் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். வக்கீல் பூரிப்பில் இருந்தார். "வாங்கோம்மா, வாங்கோ! நேத்திக்குப் பொன்மலையையே நமக்கு வாங்கிக் கொடுத்துட்டேள். தளிகை ஆயிடுத்து, நீங்களும் சாப்பிடுங்கோ."

நான் ராம்தயாள்ஜியின் வலப்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதை, மறைத்ததை, அண்ணன் கேட்டதை.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இது எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்?"

"எல்லா வீட்டுக்கும் போயிருக்கும்."

எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். "அவர்கள் பகலில் எங்கே கூடுவார்கள்?"

பணிமனை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. வேலை இல்லாதவர்களும் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே வந்துவிடுவார்கள். சொன்னேன். "போவோம்" என்றார்.

விஷயம் புரிந்ததும் வக்கீல் பதறிப்போனார். "ஐயையோ, வேண்டாம்னு சொல்லுங்கோம்மா! ஓட்டு அத்தனையும் போயிடும். நாம ஜெயிச்சா செய்யத்தானே போறோம், இப்ப என்ன அவசரம்?"

நான் இந்தியில் சொன்னேன், இந்தத் தடவை கூட்டாமல் குறைக்காமல். ராம்தயாள்ஜி வக்கீலின் தோளில் கைபோட்டார். "வரதராஜன், அவர்களில் ஒருவன் இன்று காலையில் என் பேச்சை நம்பி ஏதாவது ஒரு முடிவு எடுத்திருப்பான். அதை நாளைக்கு மாற்ற முடியாது. இன்றைக்கு முடியும்."

வக்கீல் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு உள்ளே போய்க் கார் சாவியை எடுத்துவந்தார். நல்ல மனுஷர். அப்படிப்பட்டவரால் தேர்தலில் ஜெயிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

காரில் ராம்தயாள்ஜி கேட்டார்: "கோஷிஷுக்குத் தமிழில் என்ன?"

"முயற்சி."

பொன்மலை வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டீக்கடை பெஞ்சு

சாப்பாட்டுச் சங்கு ஊதி, சைக்கிள்கள் வெளியே வர ஆரம்பித்திருந்தன. அவரைக் கண்டதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் மாலை வாங்கிவந்தார்கள். ராம்தயாள்ஜி அதை வாங்கி டீக்கடைக்காரர் கழுத்தில் போட்டுவிட்டு, பெஞ்சில் ஏறி நின்றார். நான் பக்கத்தில் இன்னொரு பெஞ்சில். கூட்டத்தில் அண்ணனும் நின்றான்.

என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதுதான் நியாயம் என்றும் பட்டது.

அவர் சொன்னார்: "நேற்று நான் தவறாகப் பேசிவிட்டேன். என் இந்தி கிராமத்து இந்தி. இந்தப் பெண்ணுக்கு விளங்கும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிழை என்னுடையது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கவேண்டும்.

முந்தின நாள் அவர் சொன்ன உண்மையைப் பொய்யாக்கியவள் நான். இப்போது அவர் எனக்காகச் சொன்ன பொய்யை, எழுத்துப் பிசகாமல், என் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். வெயிலில் கண் கூசுகிறது என்று சிலர் நினைத்திருக்கலாம்.

"நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால்..." என்று நிறுத்தி, தமிழிலேயே சொன்னார்: "முயார்ஸி! முயார்ஸி!"

"முயற்சிங்கய்யா!" என்று ஒருவர் திருத்தினார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நிறையப் பேர் சிரிக்கவில்லை. ஒருவர் கிளாஸிலிருந்த டீயைத் தரையில் கொட்டிவிட்டுப் போனார். "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? டெல்லிக்காரன் புத்தியக் காட்டிட்டான் பாரு" என்று பின்னால் ஒரு குரல். பாஷையும் தெரியாது, காதில் விழாத இடதுபக்கம் வேறு. இருந்தாலும் முகங்களைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்போது கோவிந்தன் என்று ஒருவர் முன்னால் வந்தார். வேலை போன ஃபிட்டர், அதிகம் பேசாத ஆள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்லும்மா. நாங்க வேற வேலை பாத்துக்கலாமா, காத்திருக்கணுமா?"

"பாருங்கள். எனக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். உத்தரவு வந்தால் எங்கே இருந்தாலும் திரும்பி வாருங்கள்" என்றார் ராம்தயாள்ஜி.

கோவிந்தன் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

நான் பெஞ்சிலிருந்து இறங்கத் தடுமாறியபோது பிடித்துக்கொண்டது அண்ணன். "வா, வீட்டுக்குப் போலாம். சாப்பிட்டிருக்க மாட்டே" என்றான்.

வந்த உத்தரவு

வக்கீல் தோற்றுப்போனார். நல்ல வித்தியாசத்தில். "அந்த டீக்கடையால இல்லேம்மா. நேக்கு ஓட்டுக் கேக்கவே தெரியலே" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் டெல்லியில் அந்தக் கட்சி ஜெயித்தது. ராம்தயாள்ஜி மந்திரியானார், வேறு ஏதோ இலாகாவுக்கு. ரயில்வேக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அப்படியிருந்தும் வேலை போனவர்களுக்காக வாரா வாரம் யாரையாவது போய்ப் பார்த்து நச்சரித்தார் என்று கேள்விப்பட்டோம். சும்மா உட்கார்ந்திருப்பாராம், கக்கத்தில் தலையணையோடு, பதில் வரும்வரை.

உத்தரவு வர ரொம்ப மாதங்கள் ஆயிற்று. வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதியபோது, அண்ணன் துடைத்துவைத்த சைக்கிளில் ஏறினான். அம்மா வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். தெருவில் இன்னும் நாலைந்து சைக்கிள்கள் சேர்ந்துகொண்டன. யாரும் சத்தம் போடவில்லை.

கடைசியாகப் பார்த்தது

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தடவை வந்தார். அவர் கட்சி சுக்குநூறாகியிருந்தது. மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. வக்கீல் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். நானும் அண்ணனும் போனோம். அண்ணன் அவரோடு கரக்பூர் இந்தியில் பேசியதைக் கேட்டு, "இது எந்த நாட்டு பாஷை?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கிளம்பும்போது கேட்டேன்: "அன்றைக்கு ஏன் பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள்?"

"நான் ரயிலேறிப் போய்விடுவேன் மகளே. நீ அந்தத் தெருவில் வாழவேண்டும்" என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "இன்னொன்று. என் வாழ்நாளில் அத்தனை கைதட்டல் நான் வாங்கியதே இல்லை. ஒரு நாளாவது அது என் பேச்சுக்கே விழுந்ததாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்."

ராஜாமணி சொன்னது

அவர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தது, சில வருஷம் கழித்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பொன்மலையில் ஒரு இரங்கல் கூட்டம் போட்டார்கள். பேசியவர்கள் அவர் இருந்த ஜெயில்களைச் சொன்னார்கள், பதவிகளைச் சொன்னார்கள். ஒருவர், "வாக்கு மாறிப் பேசினாலும் கடைசியில் காரியத்தைச் செய்துகொடுத்தார்" என்றார்.

எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

வாக்கு மாறியது அவர் அல்ல, நான் என்று சொன்னேன். முதல் நாள் அவர் பேசியதை இந்தியில் அப்படியே சொல்லி, தமிழிலும் சொன்னேன். பெஞ்சில் ஏறிப் பிழை தன்னுடையது என்றது என்னைக் காப்பாற்றத்தான் என்றும் சொன்னேன். இத்தனை வருஷம் உங்கள் நடுவில் நல்ல பேரோடு இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

பெண்கள் பக்கத்திலிருந்து கோவிந்தனின் மனைவி ராஜாமணி எழுந்தார்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரருக்குத் தஞ்சாவூர் ரைஸ் மில்லுல வேலை சொல்லியிருந்தாங்க. கூட்டத்துக்கு மறுநாள், இங்க வந்திருந்த மில்லுக்காரரோடயே போய்ச் சேரணும். கூட்டத்துல நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, வேணாம்னு காலையில சொல்லி அனுப்பிட்டாரு. மத்தியானம் அந்த ஐயா வந்து பெஞ்சு மேல ஏறினாரா, இவரு நேரா சைக்கிள எடுத்துட்டுப் போயி, மில்லுக்காரர் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள புடிச்சாரு. உத்தரவு வர்ற வரைக்கும் எங்க வீட்ல உலை வெச்சது அதுலதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க சொன்ன அன்னிக்கு எம் புள்ளைங்க சிரிச்சிச்சுங்க. மூணு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சிச்சுங்க. அதையும் நான் மறக்கல. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். ராஜாமணி முன்னால் போய், தலையில் வைத்திருந்த மல்லிகையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து ராம்தயாள்ஜியின் படத்துக்குக் கீழே வைத்தார். திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மீதிப் பூவை என் தலையில் வைத்துவிட்டார்.